ஏழாம் எண் பயனர்

செப்டம்பர் 8, திங்கள்

மோட்டார் பம்பு கம்பெனி ஒன்று வருடா வருடம் டைரி கொடுக்கிறது. இந்த வருடத்து டைரி ஜனவரியிலிருந்து காலியாகக் கிடந்தது. இன்று முதல் எழுதலாம் என்று முடிவு. புது வேலை முடிந்ததும் அதை எப்படிச் செய்தோம் என்று ஓர் அறிக்கை வேண்டும் என்று காலையில் பாலு சார் சொன்னார். எனக்கு மறதி கிடையாது. ஆனாலும் இலவசமாக வந்த டைரி.

வேலை இது. அரசாங்க இணையதளங்களில் தினமும் எண்கள் வந்து விழுகின்றன. அணை நீர்மட்டம், மழை அளவு, மின்தடை நேரம். யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. நாங்கள் செய்யப்போகும் ஏஜென்ட் என்கிற ஏ.ஐ. மென்பொருள் அதையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒருவர் போனில், "அணை தொறந்தா எனக்குச் சொல்லு" என்று வாயால் சொன்னால் போதும். எந்த அணை, எவ்வளவு ஏறினால் சொல்ல வேண்டும், எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்பதையெல்லாம் அதுவே கேட்டுப் புரிந்துகொண்டு அவர் பெயரில் ஓர் அலர்ட் பதிவு செய்யும். நேரம் வரும்போது அவரைக் கூப்பிட்டுப் பேசும்.

பாலு சார் என்கிற பாலதண்டபாணிதான் முதலாளி. கம்பெனியில் மொத்தம் ஆறு பேர். சரவணம்பட்டியில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடி. இந்த வேலைக்கு நானும் ஹஸீனாவும். ஹஸீனாவுக்கு இருபத்தாறு வயது. நன்றாக வேலை செய்வாள். கேள்வியும் நிறையக் கேட்பாள்.

தினசரி காலண்டரில் இன்று கும்பத்துக்கு: பொறுமை. எனக்குக் கும்பம். நம்பிக்கை கிடையாது, கிழிக்கும்போது கண்ணில் பட்டுவிடுகிறது.

செப்டம்பர் 11, வியாழன்

முதலில் ஒரே ஊரில் சோதித்துப் பார்க்கலாம் என்று பாலு சார் சொன்னார். ஆனைமடை அணைக்குக் கீழே இருக்கும் ஊர்களில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேலாம்புதூரைச் சொன்னேன்.

காரணங்கள் சொன்னேன். ஊருக்கும் அக்கரையில் இருக்கும் மேட்டுக்காட்டுக்கும் நடுவே ஆறு. கடப்பதற்குக் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு தரைப்பாலம். அணையில் மதகைத் திறந்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் தண்ணீர் பாலத்துக்கு மேல் ஏறிவிடும். முட்டியளவுதானே என்று இறங்கியவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. நல்ல பாலம் இருபத்திரண்டு கிலோமீட்டர் சுற்று.

இவ்வளவு விவரம் எப்படித் தெரியும் என்று ஹஸீனா கேட்டாள். படித்தேன் என்றேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

துணி துவைத்தேன். காயவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

அழைப்பை எடுக்காதவர்களை ஏஜென்ட் எத்தனை முறை திரும்பக் கூப்பிட வேண்டும் என்று ஓர் எண் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு நிமிட இடைவெளியில் பதினான்கு முறை என்று கொடுத்தேன்.

"சார், ஏன் பதினாலு? எல்லாரும் மூணுதான வைப்பாங்க."

மூன்று முறை கூப்பிட்டும் எடுக்காத ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன். அப்படியானால் பத்து வைக்கலாமே என்றாள். பதினான்கு என்றேன். பதினான்கு என்று குறித்துக்கொண்டாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

சேர்வது எப்படி, விலகுவது எப்படி என்று இன்று முடிவானது. ஊரில் பலருக்கும் டைப் செய்ய வராது. ஆகவே மிஸ்டு கால். எங்கள் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் ஏஜென்ட் திரும்பக் கூப்பிட்டுப் பேசிச் சேர்த்துக்கொள்ளும். சேர்ந்தவர் மறுபடி மிஸ்டு கால் கொடுத்தால் வேண்டாம் என்று பொருள், நீக்கிவிடும். நீக்கியபின் கூப்பிட்டு "நீக்கிவிட்டோம்" என்று சொல்லாது. வேண்டாம் என்றவரை மறுபடி தொந்தரவு செய்யக் கூடாது.

இந்த விதியை ஏஜென்டுக்குப் புரிகிற மாதிரி இரண்டு வரியில் நான்தான் எழுதினேன். மிஸ்டு கால் விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. கல்யாணமாகிப் பதினோரு வருடம் தினமும் ஒன்று வாங்கியிருக்கிறேன். கலாமணிக்கு ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போகிற வேலை. போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு ரிங். எடுக்கக் கூடாது. எல்லாருக்கும் போன் பேசுவது இலவசமான பிறகும் அவள் ஒரு ரிங்தான் கொடுப்பாள்.

சோதனைக்கு அந்தப் பாலத்தைத் தினமும் கடக்கும் நாற்பது பேர் வேண்டும். தெரிந்த எண்கள் சிலவற்றை எழுதி ஹஸீனாவிடம் கொடுத்தேன். ஏழாவதாக இருப்பது வேலாம்புதூர் துணை சுகாதார நிலையத்துச் செவிலியரின் எண். புதன்கிழமை தோறும் மேட்டுக்காட்டில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு, ஐஸ் பெட்டியை ஐந்து மணிக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். பாலத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். சோதனைக்கு மிகப் பொருத்தமான ஆள். வேறு காரணம் இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

ஊரில் ஆட்களைச் சேர்க்கும் நாள். எனக்குத் தொண்டை கட்டியிருந்ததால் ஹஸீனா மட்டும் போய்வந்தாள். சாயங்காலம் தொண்டை சரியாகிவிட்டது.

நாற்பது பேரும் சேர்ந்துவிட்டார்கள். மேட்டுக்காட்டுப் பால் சொசைட்டி செயலாளர் மாரப்பன் என்று ஒருவர் பெஞ்சு போட்டுக் கொடுத்தாராம். அவரைவிட அந்த ஊர் நர்சம்மாதான் அதிகம் உதவினார் என்றாள் ஹஸீனா. வீடு வீடாகப் போய்ப் பதினோரு பேரை அழைத்துவந்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசவைத்தாராம்.

"அவங்களே கேட்டாங்க சார், இத யாரு செஞ்சதுன்னு. உங்க பேரச் சொன்னேன். இன்னொரு தடவ சொல்லச் சொன்னாங்க. அப்புறம் அவங்களும் மிஸ்டு கால் குடுத்துச் சேந்துட்டாங்க."

நல்லது என்றேன். ஹஸீனா இங்கே சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

காலண்டரில் கும்பம்: வரவு.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஏஜென்ட் தான் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவைக்கிறது. ஏன் செய்தேன், என்ன சந்தேகம் என்று நீளமாக. திரையில் இடம் போதவில்லை. குறிப்பு வரும் பத்தியை மறைத்துவிட்டேன். இப்போது பார்க்கச் சுத்தமாக இருக்கிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. லேப்டாப்புக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தோம். ஏஜென்டுக்கு எங்கே வைப்பது என்று பாலு சார் கேட்டார். சர்வர் வேறு ஊரில் இருப்பதால் மானிட்டருக்கு வைத்துவிட்டு, பூசணிக்காய் உடைத்து, பொரி சாப்பிட்டோம்.

அக்டோபர் 7, செவ்வாய்

முதல் சோதனை அழைப்பு. "வணக்கம். இது சோதனை அழைப்பு. அணை திறக்கப்படும்போது இதே எண்ணிலிருந்து உங்களைக் கூப்பிடுவோம்." நாற்பது பேரும் எடுத்தார்கள். முழுவதும் கேட்டார்கள். பாலு சார் எல்லாருக்கும் பப்ஸ் வாங்கினார்.

அக்டோபர் 8, புதன்

காலையில் பார்த்தால் நாற்பது இருபத்தெட்டாகியிருக்கிறது. பன்னிரண்டு பேர் மிஸ்டு கால் கொடுத்து விலகியிருக்கிறார்கள். எல்லாரும் நேற்றே, அழைப்பு முடிந்த ஓரிரு நிமிடத்துக்குள்.

முதலில் விலகியது ஏழாம் எண். அழைப்பு முடிந்து முப்பத்தெட்டு விநாடி.

பெயரை இரண்டு தடவை கேட்டுவிட்டுச் சேர்ந்தவள், குரலைக் கேட்டதும் விலகிவிட்டாள். குரல்கூட என்னுடையது இல்லை. அவரவர் விருப்பம். வேண்டாம் என்பவர் ஒரே ரிங்கில் விலகிக்கொள்ளட்டும் என்றுதானே நானே விதி எழுதினேன். விதி நன்றாக வேலை செய்கிறது.

மத்தியானம் சாப்பிடவில்லை. பசி இல்லை.

அக்டோபர் 10, வெள்ளி

மக்கள் ஏன் விலகுகிறார்கள் என்று ஒன்றரை மணி நேரம் கூட்டம். ஆண் குரல் அதட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார் பாலு சார். பெண் குரலாக மாற்றினோம். ஊரில் போய்க் கேட்கலாமா என்றாள் ஹஸீனா. குரலை மாற்றிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம் என்றேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

இரண்டாவது சோதனை அழைப்பு, பெண் குரலில். மேலும் ஒன்பது பேர் போய்விட்டார்கள். மீதி பத்தொன்பது.

அக்டோபர் 15, புதன்

இன்றோடு இரண்டு வருடம்.

அன்றைக்குப் பழைய கம்பெனியில் ஒரு பெரிய மென்பொருளை வெளியிடும் வேலை. போனை சைலன்ட்டில் போட்டுக் கவிழ்த்து வைத்திருந்தேன். வேலை முடிந்து திருப்பிப் பார்த்தபோது கலாமணியிடமிருந்து பதினான்கு அழைப்புகள். ஒரு ரிங்கோடு நின்றவை அல்ல, முழுதாக அடித்து ஓய்ந்தவை. ஆஸ்பத்திரியில் மாமனார் என்னைத்தான் கேட்டிருக்கிறார். ஏழாவது எட்டாவது அழைப்பின்போதே முடிந்துவிட்டது என்றும், அதற்கப்புறம் கூப்பிட்டது எதற்கென்று தனக்கே தெரியவில்லை என்றும் கலாமணி பிறகு சொன்னாள்.

சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம். ஐந்து மாதம் கழித்து வேலாம்புதூருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். நானும் தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பது என்று தெரியவில்லை. அதற்கப்புறம் நான் கூப்பிட்டதில்லை. அவளும் கூப்பிட்டதில்லை.

இன்று காலண்டரைக் கிழிக்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

அழைப்பில் மரியாதை குறைவாக இருக்கிறது என்று பாலு சார் கண்டுபிடித்தார். கடைசியில் "தங்கள் நேரத்துக்கு மிக்க நன்றி" என்று சேர்த்து மூன்றாவது முறை சோதித்தோம். பத்து பேர் விலகினார்கள். முன்னைவிட வேகமாக, சிலர் பத்தே விநாடியில். மீதி ஒன்பது பேர்.

நன்றி சொன்னதும் இவ்வளவு வேகமாக ஓடுகிறவர்களை நான் பார்த்ததில்லை என்றார் பாலு சார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அக்கா வீட்டில் சாப்பாடு. மாமா புது டிவியைப் பற்றி நெடுநேரம் பேசினார். கலாமணி எப்படி இருக்கிறாள் என்று அக்கா கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

விலகிய முப்பத்தோரு பேரையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கூப்பிட்டுக் காரணம் கேட்டுவிடலாம் என்றாள் ஹஸீனா. அரை நாள் வேலைதான். பட்டியலும் அகர வரிசையில் எடுத்துவந்திருந்தாள். முதல் பாதியை என் மேஜையில் வைத்தாள்.

அர்ச்சுனன், ஆறுமுகம், ஈஸ்வரி, கலாமணி.

விலகியவர்களைக் கூப்பிடுவது முறையல்ல என்றேன். வேண்டாம் என்று சொன்னவர்களைக் காரணம் கேட்டு நச்சரிக்கக் கூடாது, நம் விதியே அதுதான். சரி, முழுப் பட்டியலையும் தானே கூப்பிடுவதாகச் சொன்னாள். அதற்கும் வேண்டாம் என்றேன். அவள் கூப்பிட்டு, கலாமணி காரணம் சொல்லி, அந்தக் காரணத்தை ஹஸீனா ஒரு தாளில் எழுதி என்னிடம் கொண்டுவந்து நீட்டுவதை யோசித்துப் பார்த்தேன்.

ஹஸீனா பட்டியலை எடுத்துக்கொண்டு போனாள். இன்று அவள் வேறு கேள்வி கேட்கவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

மழை. துணி காயவில்லை. ஆனைமடை அணை நிரம்ப நான்கடி பாக்கி.

அக்டோபர் 28, செவ்வாய்

ஒன்றரை அடி பாக்கி. நாளைக்குத் திறப்பார்கள் போல. நிஜமான அலர்ட் முதல் தடவையாகப் போகப்போகிறது, ஒன்பது பேருக்கு. பாலு சார் அதையும் கொண்டாட வேண்டும் என்கிறார்.

நாளை புதன்கிழமை.

அக்டோபர் 29, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இரண்டு பத்துக்கு மதகு திறந்தார்கள். அடுத்த நிமிடமே எண் மாறியதை ஏஜென்ட் பார்த்துவிட்டது. ஒன்பது பேரைக் கூப்பிட்டது, ஒன்பது பேரும் எடுத்தார்கள். பாலு சார் கை தட்டினார். நானும் தட்டினேன். தண்ணீர் மூன்று இருபத்தைந்து வாக்கில் தரைப்பாலத்துக்கு வரும். கலாமணி வழக்கமாக மூன்றேகாலுக்குக் கிளம்புவாள். தண்டோரா போடும் ஆட்டோ வந்திருக்கும், யாராவது சொல்லியிருப்பார்கள், அவள் நின்றுவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டால் என்னவென்று தோன்றியது. வேண்டாம் என்று விலகிக்கொண்டவளை எப்படிக் கூப்பிடுவது. இப்படி நாற்பது நிமிடம் போனது. அந்த நாற்பது நிமிடத்தை எழுதத்தான் இந்த டைரியை ஆரம்பித்தேனோ என்னவோ.

இரண்டு ஐம்பதுக்கு ஆபீஸ் போன் அடித்தது. மாரப்பன்.

"ஏனுங் சார், அணையத் தொறந்துட்டாங்கன்னு இந்த பேக்கரிக்காரன் சொல்றானுங்க. அவனுக்கு உங்க புள்ள கூப்புட்டுச் சொல்லிருக்குது. எனக்கு வரலைங்களே."

நீங்கள்தான் முதல் தடவையே வேண்டாம் என்று விலகிவிட்டீர்களே என்றேன்.

"நா எங்கீங்க வேண்டாம்னேன்? அன்னிக்குப் போன் வந்ததுமே மறக்காம மிஸ்டு கால் குடுத்தனுங்களே, வந்து சேந்துருச்சுன்னு. நர்சம்மாதானுங்க எல்லாருத்துக்கும் சொல்லிக் குடுத்தாங்க. 'கூப்புட்டவரு மனசு அடிச்சுக்கிட்டே இருக்கும், கெடச்சுதுன்னு ஒரு ரிங் குடுத்துருங்க'ன்னு. பேக்கரிக்காரனுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாதுங்க, அவனுக்குப் போயிக் கூப்புட்டிருக்கறீங்க."

ரிசீவரைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். விலகியவர்கள் யாருமே விலகவில்லை. வந்து சேர்ந்தது என்று சொன்னவர்களைத்தான் நாங்கள் ஒவ்வொருவராக வெளியே தள்ளியிருக்கிறோம். பதினோரு வருடம் அந்த ஒற்றை ரிங்கை வாங்கியவன்தான் அந்த விதியை எழுதினேன். என் மனசு அடித்துக்கொள்ளும் என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவளைத்தான் முதலில் நீக்கினேன்.

நர்சம்மா எங்கே என்று கேட்டேன். காலனிப் பக்கம் ஊசி போட்டுக்கொண்டிருந்தார், இப்போது தெரியாது என்றார் மாரப்பன். அவருடைய சொசைட்டி அக்கரையில், பாலத்துக்கு முந்தின வளைவில் இருக்கிறது. யாரையும் பாலத்தில் இறங்க விடாதீர்கள் என்றேன். எப்படி என்று கேட்டார். எப்படியாவது என்றேன். கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன், ஆபீஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹஸீனாவிடம் ஒரு வரியில் சொன்னேன். அவள் மேலே எதுவும் கேட்காமல் முப்பத்தோரு பேரையும் மறுபடி சேர்த்து உடனே கூப்பிட ஏற்பாடு செய்ய ஆரம்பித்தாள். ஏழாம் எண்ணை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

"ஏன் சார்?"

"அது என் வீட்டுக்காரி. நான் கூப்படறேன்."

ஹஸீனா ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். முப்பது பேருக்கு அழைப்பு போனது.

நான் மாடிப்படிக்கு வந்து கூப்பிட்டேன். முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டேன். கீழே டயர் கடையில் சக்கரத்தைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி கூப்பிட்டேன். என் எண் என்பதால் எடுக்காமல் இருக்கிறாளா, வண்டி ஓட்டுவதால் எடுக்காமல் இருக்கிறாளா, போன் தண்ணீரில் கிடக்கிறதா. ஒவ்வொரு ரிங்குக்கும் இந்த மூன்றில் ஒன்று தோன்றியது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் இப்படித்தான் நின்றிருப்பாள். இரண்டு வருடமாக அதைப் பற்றி நான் யோசிக்காத நாள் கிடையாது. ஆனால் ரிங் போய்க்கொண்டே இருக்கும்போது எப்படி இருக்கும் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. எத்தனை முறை கூப்பிட்டேன் என்று எண்ணவில்லை.

மூன்று முப்பத்திநான்குக்கு மாரப்பன் கூப்பிட்டார். நிறுத்தியாச்சுங்க என்றார். சாயங்காலக் கறவைக்காகக் கழுவிக் கவிழ்த்திருந்த பால் கேன்களை எல்லாம் ரோட்டுக்குக் குறுக்கே வரிசையாக அடுக்கிவிட்டாராம். நர்சம்மா வண்டியில் வந்து, ஐஸ் பெட்டியை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும், எடுங்கள் கேனை என்று சத்தம் போட்டிருக்கிறார். மாரப்பன் எடுக்கவில்லை. இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பாலத்து மேல் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் கணுக்கால் அளவு, அப்புறம் பாலமே தெரியவில்லை. நர்சம்மா வண்டியை அணைத்து ஸ்டாண்டு போட்டுவிட்டார் என்றார்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். டயர் கடைக்காரர் மேலே பார்த்துவிட்டு, அடிப்பதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தார்.

மூன்று நாற்பத்தேழுக்குப் போன். ஏழாம் எண். எடுத்தேன். பின்னால் தண்ணீர் போகிற சத்தம் கேட்டது. மழைக்குக் குழந்தைகள் அதிகம் வராததால் மூன்று மணிக்கு முன்பே ஊசி போட்டு முடித்துவிட்டாளாம். போனை வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு ஒரு கர்ப்பிணியைப் பார்க்கப் போயிருக்கிறாள். திரும்பி வந்து அப்படியே வண்டியை எடுத்துவிட்டாள். இதையெல்லாம் அவளாகவே சொன்னாள்.

"ரெண்டு பத்துக்குக் கூப்பிட்டிருந்தா எடுத்திருப்பேன். கையிலதான் வெச்சிருந்தேன்."

தெரியும் என்றேன். தப்பு என்னுடையது என்றேன். எந்தத் தப்பைச் சொல்கிறேன் என்று அவள் கேட்கவில்லை.

"பதினேழு தடவ கூப்ட்டிருக்கீங்க."

"எண்ணல."

"நான் எண்ணுனேன். என்னையவிட மூணு அதிகம்."

ஐஸ் உருகுவதற்குள் சுற்றிப் போக வேண்டும் என்று வைத்துவிட்டாள். ஐந்தேகாலுக்கு ஊசி மருந்து பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்று மாரப்பன் விசாரித்துச் சொன்னார். எனக்கு மிஸ்டு கால் எதுவும் வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

காலண்டரில் கும்பம்: ஓய்வு.

அக்டோபர் 30, வியாழன்

மறைத்துவைத்திருந்த குறிப்புப் பத்தியை இன்று திறந்தேன். ஏழாம் எண்ணுக்கு நேரே ஏஜென்ட் எழுதியிருந்தது: "பயனர் அழைப்பை முழுவதும் கேட்டார். 38 விநாடியில் மிஸ்டு கால். விதிப்படி நீக்கப்பட்டார். முழுவதும் கேட்டவர் உடனே விலகுவது வழக்கமாகத் தெரியவில்லை. பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்கிறாரோ என்று சந்தேகம். சரிபார்க்கவும்."

முப்பத்தோரு பேருக்கும் இதே சந்தேகம். முப்பத்தோரு முறை "சரிபார்க்கவும்". அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஹஸீனாவும் கேட்டாள். நான்தான் அகர வரிசையில் நான்காவது பெயரோடு நின்றுவிட்டேன்.

ஹஸீனாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாலு சாரிடமும் சொன்னேன். அறிக்கையில் இதை எப்படி எழுதுவது என்று அவர் கவலைப்பட்டார். நடந்தபடியே எழுதுகிறேன் என்றேன். பதினான்கு ஏன் என்று இப்போது புரிகிறது என்று மட்டும் ஹஸீனா சொன்னாள். மூன்றாக மாற்றிவிடலாமா என்று கேட்டேன். இருக்கட்டும் சார் என்றாள்.

அக்டோபர் 31, வெள்ளி

விதியை மாற்றினேன். விலக விரும்புகிறவர் கூப்பிட்டு வாயால் சொல்ல வேண்டும். ஏஜென்ட் ஒரு முறை திருப்பிக் கேட்டு உறுதி செய்த பிறகே நீக்கும். அழைப்புக்குப் பிறகு மிஸ்டு கால் வந்தால் என்ன பொருள் என்ற இடத்தில் எழுதியது: "வந்து சேர்ந்தது என்று பொருள். பதில் தேவையில்லை. குறித்துக்கொள்ளவும்."

மாரப்பனிடம் புது விதியைச் சொல்லி, கேன்களைக் குறுக்கே அடுக்கியதற்கு நன்றி என்றேன். அன்றைக்குக் கறவை அரை மணி நேரம் தாமதமாகிவிட்டது என்றார். பேக்கரிக்காரர் இப்போது மிஸ்டு கால் கொடுக்கக் கற்றுக்கொண்டாராம்.

நவம்பர் 3, திங்கள்

வெயில். துணி காய்ந்தது.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. அணையை மூடிவிட்டார்கள். தரைப்பாலத்தில் தண்ணீர் வடிந்து வண்டிகள் போகின்றன. இன்று ஏஜென்ட் யாரையும் கூப்பிடவில்லை, கூப்பிட வேலையும் இல்லை.

நான்கு இருபத்தைந்துக்கு என்னுடைய போன் ஒரு ரிங் அடித்து நின்றது. எடுக்கவில்லை. குறித்துக்கொண்டேன்.